எதிர்காற்று

மஞ்சக்குப்பம் மைதானத்தில் காலை நாலரை.
நாய்களுக்கே இன்னும் விடியவில்லை.
நசீமா ஹேண்டில்பாரில் ஒரு சீப்பு வாழைப்பழம் கட்டியிருந்தாள்.
கலியமூர்த்தி வழக்கம்போல
டயருக்குக் காற்றடிக்காமல் வந்திருந்தான்.
எத்திராஜும் வருவான் என்று
யாரும் என்னிடம் சொல்லவில்லை.

எட்டு மாதம். முப்பதாயிரம் ரூபாய்.
சீட்டு முடிந்ததும் தருகிறேன் என்றிருந்தேன்,
சீட்டுக்காரன் முந்திக்கொண்டான்.
அதன்பின் எத்திராஜ் எதிரே வந்தால்
எனக்கு அவசரமாக ஒரு மருந்துக்கடை தேவைப்படும்.

நெல்லிக்குப்பம் தாண்டும்வரை ஆலைப்புகையில் பாகு வாசம்.
பண்ருட்டியில் இட்லி.
நால்வருக்கும் ஒரே பெஞ்சு,
இருவருக்கு நடுவே மட்டும் சாம்பார் வாளி.

காடாம்புலியூருக்கு அப்பால் தார்ச்சாலையை விட்டு இறங்கினோம்.
செம்மண் தடம்.
இரண்டு பக்கமும் முந்திரி, தலையில் தட்டும் கிளைகள்.
உள்ளே போகப் போக
வெயில் சில்லறையாகிவிட்டது.

ஒரு மரம் படுத்துக் கிடந்தது,
பாதி வேர் வானத்தில்.
படுத்தபடியே பூத்திருந்தது.
"தானே தள்ளினது" என்றாள் நசீமா.
அந்தப் புயல் வந்த வருஷம் அவள் பத்தாவது.
அடுத்த வளைவில் மணலில் சறுக்கி
கலியமூர்த்தி சைக்கிளோடு புதருக்குள் போனான்.
"யார்றா தள்ளினது?"
"யாருமில்ல. தானே."
நால்வரும் ஒன்றாகச் சிரித்தோம்.
பிறகு இருவர் மட்டும்
சட்டென்று நிறுத்திக்கொண்டோம்.

தொரட்டியோடு நின்ற காவல்கார அம்மா சொன்னாள்:
"பழம் எவ்ளோ வேணா தின்னுங்க.
கொட்டைய மட்டும் வச்சிட்டுப் போங்க."
சாறு முழங்கைவரை வழிந்தது. தொண்டை கரகரத்தது.
நசீமாவின் டீஷர்ட்டில் இனி எந்தச் சோப்புக்கும் போகாத கறை.
பதினேழு பழம் தின்றிருந்தோம். அவள் எண்ணினாள்.
கொட்டை பதினாறு.
கலியமூர்த்தி, முகத்தில் பால் வடிய,
பையிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தான்.
நான் குனிந்து ஷூ லேசைக் கட்டினேன்,
ஏற்கெனவே கட்டியிருந்ததை.

பதினோரு மணிக்கு என் பின்சக்கரம் உட்கார்ந்தது.
என்னிடம் பம்ப் இருந்தது, பஞ்சர் ஒட்டு இல்லை.
எத்திராஜிடம் இருந்தது.
கேட்காமலே வந்தான். டியூபை உருவினான்,
கொஞ்சம் காற்றடித்தான்,
கன்னத்தருகே வைத்து மெல்லச் சுழற்றினான்.
காடு வாயை மூடிக்கொண்டது.
ஒரு செம்போத்து மட்டும் ஊப், ஊப் என்றது, பிறகு அதுவும் இல்லை.
அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.
என்னை இத்தனை பொறுமையாக அவன் கேட்டதில்லை.
கேட்கிற மாதிரி நானும் எதையும் சொன்னதில்லை.
கிடைத்தது, ஒரு கருவேல முள்.
பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தான்,
ரசீதுபோல.

போனில் டவர் இல்லை.
தெற்கே நெய்வேலியின் புகைபோக்கிகளைப் பார்த்துப் பார்த்து
ஒருவழியாகச் சாலை பிடித்தோம்.
வடலூர் தருமச்சாலையில் சோறு போட்டார்கள்.
அங்கே யாரிடமும் கணக்குக் கேட்பதில்லை.
பசித்தது,
நான் இரண்டாம் தடவை வாங்கவில்லை.

குறிஞ்சிப்பாடி தாண்டியதும்
கடல்காற்று நெஞ்சில் கைவைத்தது.
ஆளுக்கு ஐந்து நிமிடம் முன்னால் போய்
காற்றை வாங்கிக்கொள்வது என்று பேச்சு.
என் முறை வந்தபோது முட்டி சம்மதிக்கவில்லை.
எத்திராஜ் பக்கத்தில் வந்தான்,
என் முகத்தைப் பார்க்காமல்
முன்னால் போய்க்கொண்டான்.
ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து ஆயிற்று.
அவன் திரும்பவில்லை, விலகவுமில்லை.
இருபது கிலோமீட்டருக்கு
எனக்குச் சாலை, வானம், ஊர் எல்லாம் அந்த முதுகுதான்.
நீலச் சட்டையில் உப்புப் பூத்து
ஏதோ ஒரு தேசத்தின் கரையோரம் வரைந்திருந்தது.
அதற்குள் எங்கே இறங்குவது என்று
நான் தேடிக்கொண்டே மிதித்தேன்.

மஞ்சக்குப்பத்தில் நாலு டீ. காசை நான் நீட்டினேன்.
யாரும் தடுக்கவில்லை.
எத்திராஜ் கிளாஸைக் கீழே வைத்தான்.
எட்டு மாதத்தில் முதல் பேச்சு:
"என் டீக்குப் பன்னெண்டு கழிச்சுக்க."

மீதி இருபத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு.

கலியமூர்த்தி சாவிக்காகப் பையைத் துழாவினான்.
கையோடு வந்தது
இன்னொரு கொட்டை.